யாரை யாரோடு போடுவது

ஜூன் பிறந்தால் கோவை பீளமேட்டில் பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். கூட வரும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். சாப்பாடு எப்படீங்க, கேட்டு எத்தனை மணிக்குச் சாத்துவீங்க, குடிக்கிறதுக்குச் சிறுவாணித் தண்ணி வருங்களா, வைஃபை இருக்குதுங்களா. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் தன் மகள் அடுத்த ஒரு வருடம் எந்தப் பெண்ணுக்கு மூன்றடி தள்ளிப் படுத்துத் தூங்கப்போகிறாள் என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு. விடுதி நடத்தும் என் வேலையில் பாதி அதுதான். மோட்டார் ரிப்பேருக்கு ஆள் உண்டு, பாத்ரூம் அடைப்புக்கு ஆள் உண்டு, சமையலுக்கு ஆள் உண்டு. யாரை யாரோடு போடுவது என்பதை மட்டும் நானே உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இந்த வேலையில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. அறையைப் பகிர நட்பு தேவையில்லை. பேசி வைத்துக்கொண்ட நடைமுறை தேவை. உயிர்த்தோழிகள் இருவர் வந்து "எங்களுக்கு ஒரே ரூம் குடுங்க்கா" என்று கேட்டால் நான் தயங்குவேன். மின்கட்டணத்தைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் தோழிகள் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவளுக்குத் தெரியாதா என்று இவளும், இவளுக்குப் புரியாதா என்று அவளும் மனதுக்குள்ளேயே வைத்திருந்து, பரீட்சை சமயத்தில் ஒருநாள் வெடிப்பார்கள். முன்பின் தெரியாத இருவர் என்றால் முதல் நாளே கேட்டுவிடுவார்கள்: "நீங்க ஃபேன் எத்தனைல வெப்பீங்க?" அங்கேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஊரைவிட்டு வந்தவர்கள் அந்நியரோடு படுத்துறங்குவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு நூற்பாலைகள் பெருகின. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் லைன் வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பிற்காலத்தில் தென்மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களைக் கூட்டிவந்து மில் விடுதிகளில் தங்கவைத்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தால் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டத்தில் வந்த பெண்களுக்குப் பக்கத்துப் பாயில் யார் படுக்கிறார்கள் என்று கேட்கும் உரிமைகூட இருக்கவில்லை. திருப்பூரில் இன்றைக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஒரே அறையில் பலர் தங்குகிறார்கள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் படுக்கிறார். ரூம்மேட்டைத் தேர்ந்தெடுக்க முடிவதே ஒரு வசதி. அது கையில் இருப்பவர்கள் அதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

2010-ல் பீளமேட்டுப் பக்கம் டைடல் பார்க் திறந்ததும், சரவணம்பட்டியும் கீரணத்தமும் ஐடி கம்பெனிகளால் நிறைந்ததும் இந்த ஊரின் வாடகைக் கணக்கையே மாற்றிவிட்டன. அதற்கு முன்பு பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., ஜி.சி.டி., அவினாசிலிங்கம், வேளாண் பல்கலைக்கழகம் என்று படிக்க வந்த பிள்ளைகள்தான் அதிகம். இப்போது படிக்கிறவர்களும் சம்பாதிக்கிறவர்களும் ஒரே வீதியில், சில சமயம் ஒரே அறையில் தங்குகிறார்கள். இரண்டு பேருடைய பணப்புழக்கமும் வேறு, தூக்கமும் வேறு. தகராறுகளில் பெரும்பங்கு இந்த இடைவெளியில்தான் முளைக்கிறது.

அறை தேடுவதில் இருந்து தொடங்குகிறேன். மின்கம்பத்தில் ஒட்டிய 'டூ லெட்' தாளோ, நோ புரோக்கர் மாதிரியான செயலியோ, முகநூல் குழுவோ, அலுவலக வாட்ஸப்போ, எதில் கிடைத்தாலும் நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார், வெளிமாநிலத்தில் பணி, டோக்கன் அட்வான்ஸ் போட்டால் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும் என்று பேசும் மோசடி நாடு முழுக்க நடந்திருக்கிறது. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். நேரம் போகப் போக அந்தப் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

அறையை இரண்டு தடவை பாருங்கள். ஒருமுறை பகலில், ஒருமுறை இரவு எட்டு மணிக்கு மேல். பகலில் அறையைத்தான் பார்க்க முடியும். அங்கே இருப்பவர்களை இரவில்தான் பார்க்க முடியும். வீதியில் விளக்கு எரிகிறதா, பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வரும் வழி எப்படி, மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் இருட்டிய பிறகுதான் தெரியும்.

இதைவிட முக்கியம், காலி செய்துவிட்டுப் போகிறவரிடம் பேசுவது. ஒரு கட்டில் காலியாக இருக்கிறது என்றால் அதில் படுத்திருந்த ஒருவர் எழுந்து போயிருக்கிறார். ஏன் போனார்? கல்யாணம், வேலை மாற்றம், படிப்பு முடிந்தது என்றால் நல்லது. அவர் நம்பரைக் கேளுங்கள். "அந்தப் பொண்ணு நம்பர் எதுக்குங்க உங்களுக்கு" என்று மழுப்பினால் அதுவே பதில். ஒரே கட்டில் ஒரு வருடத்தில் பலமுறை காலியாகியிருந்தால் மற்றக் கட்டில்களில் இருப்பவர்களைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கொங்கு நாட்டில் விசாரிப்பது நமக்குக் கைவந்த கலை. பொண்ணு எடுப்பதற்கு விசாரிக்கிற மாதிரி ஊர், கோயில், பங்காளி, தோட்டம் என்று நாலு பக்கமும் ஆள்விட்டு விசாரிப்போம். ரூம்மேட்டுக்கும் அப்படி விசாரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த விசாரணை இங்கே எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் முதல் கேள்வியாக "நீங்க என்ன ஆளுங்க?" என்கிறார். பெற்றோர் சிலர் என் அலுவலக அறைக்குள் வந்து, குரலைத் தாழ்த்தி, "நம்ம ஆளுங்க புள்ளையோட போட முடியுங்களா?" என்று கேட்கிறார்கள். முடியாதுங்க என்று சொல்லிவிடுவேன். நியாயம் ஒருபக்கம் இருக்கட்டும், வேலை தெரிந்தவளாகவும் சொல்கிறேன். ஒரு பெண் இரவு விளக்கை அணைப்பாளா, வாங்கிய கடனைத் திருப்பித் தருவாளா, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பாளா என்பதை சாதி ஒருபோதும் எனக்குச் சொன்னதில்லை. அதைக் கேட்டுத் திருப்தியானவர்கள் உண்மையில் கேட்க வேண்டிய எதையுமே கேட்காமல் போய்விடுகிறார்கள்.

கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. "எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?" என்று கேட்டால், அப்பா பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண்ணும் "பத்து மணிக்குங்க" என்றுதான் சொல்வாள். அப்பாவை ஆபீஸ் ரூமில் காபி குடிக்க வைத்துவிட்டு, அறையைக் காட்டும் சாக்கில் மாடிப்படியில் கேட்பேன்: "நேத்து எத்தனை மணிக்குத் தூங்குனீங்க கண்ணு?" வழக்கத்தைக் கேட்டால் நல்ல பெயருக்கான பதில் வரும். நேற்றைக் கேட்டால் உண்மை வரும். "ரெண்டு மணி ஆயிருச்சுங்க்கா" என்று சிரிப்பாள். அவளை அதிகாலையில் எழுந்து வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவளோடு போடக்கூடாது என்று அங்கேயே முடிவாகிவிடும். துணியைக் கடைசியாக எப்போது துவைத்தாய், வீட்டில் தனி ரூமா தங்கச்சியோடவா, நேற்று இரவு யாரிடம் எவ்வளவு நேரம் போன் பேசினாய் என்பதையும் இப்படித்தான் கேட்பேன். தங்கச்சியோடு கட்டிலைப் பகிர்ந்து வளர்ந்தவளுக்கு அலமாரியில் பாதி இடம் போதும். ஒற்றைப் பிள்ளையாய் வளர்ந்தவளுக்கு அதைக் கொஞ்ச நாள் பழக்க வேண்டியிருக்கும். அது அவள் குற்றமில்லை.

நான் விடாமல் கேட்கிற இன்னொன்று: "கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க சாமி? கத்துவீங்களா, பேசாம இருப்பீங்களா?" இதற்குப் பெண்கள் பொய் சொல்வதில்லை. கத்துகிற இருவரை ஒரே அறையில் போடலாம். சத்தம் வரும், மறுநாள் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். பேசாமல் இருக்கிற இருவரைப் போட்டால் மாதக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்த அறையில் வாழ்வார்கள். அந்தக் கனம் மூன்றாவது கட்டிலில் இருப்பவளை நோயாளியாக்கிவிடும்.

ஷிப்ட் விஷயத்தில் முதலில் தோன்றுவதற்கு நேர்மாறாகத்தான் சில சமயம் பொருத்தம் அமைகிறது. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் பெண்கள் அதிகாலையில் கம்பெனி கேபில் வந்து இறங்குவார்கள். அவர்களை ஒரே அறையில் போடுவதுதான் எளிது என்று எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் ஒரு பெண்ணோடு அப்படி ஒருத்தியைப் போட்டேன். இவள் வந்து படுக்கும் நேரத்தில் அவள் எழுந்திருப்பாள். விளக்கு ஒருமுறைதான் எரியும், கதவு ஒருமுறைதான் திறக்கும். இவள் தூங்கும் பகல் முழுக்க அவள் லைப்ரரியில் இருப்பாள். இருவரும் சேர்ந்து விழித்திருப்பது சாயங்காலம் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் மாடியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அந்த அறையிலிருந்து எனக்கு ஒரு புகாரும் வந்ததில்லை. அந்த மாதிரிப் பொருத்தம் அமைந்துவிட்டால் எனக்கு ஏற்படும் சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

விடுதியை விட்டுத் தனி வீடு எடுத்துத் தங்குகிறவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. அங்கே வார்டன் இல்லை. மூன்று நான்கு பேர் சேர்ந்து பிளாட் எடுக்கும்போது அக்ரிமெண்டில் யாராவது ஒருவர் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பெயர் போட்டவர்தான் வீட்டுக்காரருக்குப் பொறுப்பு. மற்றவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போனால் வாடகையும் உடைந்த வாஷ்பேசினும் அவர் தலையில். பெயர் போடாதவர்களுக்கும் ஆபத்து உண்டு. அட்வான்ஸில் தன் பங்கு இருக்கிறது என்பதற்கு அவர்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. தங்கும் எல்லார் பெயரையும் போடுங்கள். அட்வான்ஸைப் பணமாகக் கையில் கொடுக்காமல் அவரவர் கணக்கிலிருந்து அவரவர் பங்கை அனுப்புங்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது. பத்து மாதம் கேட்கும் வீட்டுக்காரரிடம் இதைப் பணிவாகச் சொல்லலாம். சொல்பவர் கையில் வேறொரு வீடும் இருப்பது நல்லது.

பிறகு ஈபி பில். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டணக் கணக்கே வேறு வரிசைக்கு மாறிவிடும். ஒருத்தர் அறையில் மட்டும் ஏசி இருந்து, பில்லை நாலாகப் பிரித்தால் ஏப்ரல் மே மாதங்களில் நட்பு தாங்காது. ஏசிக்குத் தனியாக ஒரு சப்மீட்டர் மாட்டிவிட்டால் தீர்ந்தது. குடிதண்ணீர் விடும் நாளில் யார் வீட்டில் இருந்து பிடித்துவைப்பது, சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது யார் முறை, கறி சமைத்த பாத்திரத்தைத் தனியாக வைக்க வேண்டுமா என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே, முதல்முறை அரிசிம்பருப்பு சாதம் ஆக்கிச் சேர்ந்து சாப்பிடும் அன்றைக்கே பேசி, ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். "இதெல்லாம் எழுதணுமா, நாம என்ன அந்நியமா" என்று யாராவது சொன்னால், எழுதியே தீர வேண்டிய ஆள் அவர்தான்.

விடுதி என்றால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014-ல் தனிச் சட்டமே வந்தது. அப்படியும் பதிவில்லாமல் நடந்தவை ஏராளம். 2018 ஜூலையில் இதே பீளமேட்டில் ஒரு மகளிர் விடுதியின் வார்டன் அங்கே தங்கியிருந்த மாணவிகளைத் தவறான வழிக்கு இழுக்கப் பார்த்ததாகப் புகார் எழுந்து ஊரே கொதித்தது. அந்தப் பெண்கள் பயந்து வாயை மூடியிருந்தால் எதுவும் வெளியே வந்திருக்காது. அதற்குப் பிறகுதான் இந்த ஊரில் உரிமம் என்ற பேச்சே உரக்கக் கேட்டது. என்னைப் போன்றவர்களிடம் காகிதம் கேட்டால் கோபப்பட மாட்டோம். கோபப்படுகிற இடத்தில் தங்காதீர்கள்.

இனி மோசமான ரூம்மேட்டுகள். என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை கெட்ட மனிதர்களைப் பற்றியவை அல்ல. அலாரத்தை எட்டு முறை அடிக்கவிட்டுத் தூங்குகிறாள், தலைமுடியை பாத்ரூம் வடிகாலிலேயே விடுகிறாள், என் ஷாம்பூவை எடுக்கிறாள். இவை பேசினால் தீரும். எப்போது பேசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரவில் பேசாதீர்கள். பேசிவிட்டு இருவரும் அதே அறையில்தான் படுக்க வேண்டும், போய் ஆற வேறு இடம் கிடையாது. வாட்ஸப்பில் எழுதாதீர்கள். எழுதியது ஸ்கிரீன்ஷாட்டாகி மற்ற அறைகளுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிட்ட பிறகு, மாடியிலோ டீக்கடையிலோ, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவள் தன் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடுவாள். "அலாரம் ரெண்டு தடவைக்கு மேல அடிச்சா நான் எழுப்பி விட்டர்றேன், சரியா?" என்றால் வேலை முடிந்தது.

கடன் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. ரூம்மேட்டுக்கு அவசரத்துக்குச் சிறிய தொகை கொடுக்கலாம், திரும்பி வராது என்று வைத்துக்கொண்டே கொடுக்க வேண்டும். ஆதார் நகல், பான் கார்டு, உங்கள் பெயரில் சிம் கார்டு, உங்கள் போனுக்கு வரும் ஓடிபி, இவற்றில் எதையும் எவருக்கும் கொடுக்கக்கூடாது. கடன் செயலியில் பணம் எடுத்த ஒருத்தியால் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் மிரட்டல் அழைப்புகள் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவளுடைய போனில் இருந்த எல்லா நம்பரையும் அந்தச் செயலி எடுத்துவைத்திருந்தது. அறையே அவளைத் திட்டியது. எனக்கு அவள்மேல் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். வீட்டில் கேட்க முடியாத ஒரு செலவுக்காகத்தான் அவள் அங்கே போயிருந்தாள். சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்க வைத்து, அம்மாவை வரவழைத்துப் பேசி, அந்த விஷயம் ஒரு வழியாக முடிந்தது.

'கெட்ட ரூம்மேட்' என்று மற்றவர்கள் கூட்டாக வந்து சொல்லும்போது நான் முதலில் அந்தப் பெண்ணின் கட்டிலைப் போய்ப் பார்ப்பேன். கரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றி அப்படிச் சொன்னார்கள். குளிப்பதில்லை, துணி நாறுகிறது, சாப்பிட்ட தட்டைக் கட்டிலுக்கடியில் வைக்கிறாள், கேட்டால் பதிலில்லை, ரூமை மாத்துங்க்கா. போய்ப் பார்த்தேன். சோம்பேறித்தனம் அப்படி இருக்காது. ஜன்னலைச் சாத்தி, சுவர்ப் பக்கம் திரும்பி, பட்டப்பகலில் போர்த்திப் படுத்திருந்தாள். கல்லூரிக்குப் போகிறதாக வீட்டில் நினைத்திருந்தார்கள், அவள் வகுப்புக்குப் போயே பல வாரங்கள் ஆகியிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, "ஏன்னே தெரியலீங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது மருத்துவம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மனாஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104-ம் உண்டு. என் அலுவலகத்திலிருந்து அவளையே பேச வைத்தேன், பிறகு அப்பாவை வரவழைத்து மருத்துவரிடம் அனுப்பினேன். மற்ற மூவரிடமும், அவர்கள் புகார் சொன்னது தப்பில்லை என்றும், அந்த நாற்றத்தைச் சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை என்றும், அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்றும் சொன்னேன். மூன்றும் உண்மைதான். ரூம்மேட் என்பதற்காக ஒருத்திக்கு நர்ஸாக இருக்க வேண்டிய கடமை இருபது வயதுப் பெண்களுக்கு இல்லை. ஆனால் பார்த்ததைப் பெரியவர்கள் யாரிடமாவது சொல்லும் கடமை இருக்கிறது. அவர்கள் என்னிடம் எரிச்சலோடுதான் வந்தார்கள். அந்த எரிச்சல்தான் அவளைக் காப்பாற்றியது.

பேசித் தீர்க்கக் கூடாதவையும் உண்டு. அங்கே பொறுமை, அனுசரிப்பு, "பாவம் விட்டுறலாம்" எதுவும் கூடாது. முதலாவது கேமரா. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு மகளிர் விடுதியில் மறைத்துவைத்த கேமராக்களை அங்கே தங்கியிருந்த பெண்களே கண்டுபிடித்தார்கள். விடுதி நடத்தியவரே வைத்தவர். 2022 செப்டம்பரில் மதுரையில் நடந்தது அதைவிடக் கசப்பானது. கூடத் தங்கியிருந்த பெண்களைக் குளியலறையில் படமெடுத்து ஆண் நண்பருக்கு அனுப்பியதாகக் கைதானவள், அதே விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்கான பிரிவு 'எந்த ஆணும்' என்று தொடங்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு செய்பவர் யாராக இருந்தாலும் பொருந்தும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் அப்படித்தான். தன் அறைத்தோழிமேல் புகார் கொடுக்க முடியுமா என்று தயங்கும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படி ஒரு சந்தேகம் வந்தால் அவள் போனைப் பிடுங்கி நீங்களே அழிக்கப் பார்க்காதீர்கள். அழித்தால் சாட்சியம் போகும், படம் வேறெங்காவது இருக்கும். அந்த பாத்ரூமைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, வார்டனிடம் சொல்லி, அவசர எண் 112-க்கோ பெண்கள் உதவி எண் 181-க்கோ அழையுங்கள். வார்டன் மூடிமறைக்கச் சொன்னால் வார்டனைத் தாண்டிப் போங்கள். கோவையில் படிக்கும் பெண்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2022 அக்டோபரில் மாநகரக் காவல்துறை தொடங்கிய 'போலீஸ் அக்கா' திட்டத்தில் கல்லூரிக்கு ஒரு பெண் காவலர் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஸ்டேஷன் படி ஏறப் பயப்படும் பெண்கூட அந்த அக்காவுக்குப் போன் பண்ணிவிடுவாள். என் விடுதிப் பெண்களிடம் சேர்ந்த அன்றைக்கே அந்த எண்ணை போனில் பதியச் சொல்கிறேன்.

இரண்டாவது போதை. இதைப் பையன்களுக்காகத்தான் எழுதுகிறேன், அவர்களுக்கு என்னைப் போல ஒரு வார்டனும் இருப்பதில்லை. மாணவர்கள் தங்கும் அறைகளில் போலீஸ் சோதனை இந்த நகரத்தில் அடிக்கடி நடக்கிறது. "நான் தொடறதே இல்லைங்க, அவன்தான்" என்று சொன்னால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு, தன் பொறுப்பில் உள்ள வீட்டையோ அறையையோ தெரிந்தே அதற்குப் பயன்படுத்தவிட்டவரையும் குற்றவாளியாக்குகிறது. அக்ரிமெண்டில் பெயர் உங்களுடையது, பொட்டலம் அவனுடையது என்றால் உங்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். அவனைத் திருத்தும் வேலையை அந்த அறைக்குள் இருந்துகொண்டு செய்ய முடியாது தம்பி. அறையை மாற்றிவிட்டுப் பிறகு செய்யுங்கள்.

மூன்றாவது மிரட்டல். கை ஓங்குவது, பெற்றோரிடம் சொல்லிவிடுவேன் என்பது, காதலைப் பற்றி வீட்டுக்கு எழுதிவிடுவேன் என்பது. கடைசி இரண்டும் கொங்குப் பெண்களிடம் நன்றாகவே வேலை செய்யும். இங்கே அந்தச் செய்தி வீட்டுக்குப் போனால் படிப்பு நிற்கும், அதற்கு மேலும் நடக்கும் என்று இருவருக்குமே தெரியும். அந்தப் பயத்தை வைத்து ஒருத்தியிடம் மாதாமாதம் பணம் வாங்கியவளை நான் மறுநாளே வெளியே அனுப்பினேன். என் வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு வேகமாக அனுப்பியதில்லை.

வெளியேறத் தீர்மானித்துவிட்டால் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறாதீர்கள். ஒரு மாத அவகாசத்தை வீட்டுக்காரருக்கும் ரூம்மேட்டுகளுக்கும் ஒரே நாளில் எழுத்தில் சொல்லுங்கள். அறையைச் சுவர் சுவராக வீடியோ எடுங்கள். ஈபி மீட்டரைப் படம் பிடியுங்கள். அக்ரிமெண்டிலிருந்து உங்கள் பெயரை நீக்கி, அட்வான்ஸ் கணக்கில் வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். ஆபத்து இருந்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள், பணத்தைப் பிறகு பார்க்கலாம். வங்கி, ஆதார், பார்சல் செயலிகளில் பழைய முகவரியை மாற்றுங்கள். பகிர்ந்துகொண்ட பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

சில வாரம் கழித்து, அந்தக் கட்டிலுக்கு வரப்போகும் ஒரு பெண் உங்கள் நம்பரைத் தேடிப்பிடித்து, "ஏனுங்க்கா காலி பண்ணுனீங்க?" என்று கேட்கலாம். மழுப்பாதீர்கள், பழியும் தீர்க்காதீர்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "ராத்திரி ஒரு மணி வரைக்கும் லைட் எரியும், எனக்கு ஒத்துவரல. வாடகை தேதி தவறாமக் குடுத்துருவாங்க. சாமான் எதுவும் தொட மாட்டாங்க. நீங்க லேட்டாத் தூங்கறவங்கன்னா தாராளமாப் போங்க."